கூட்டமும் ஒரு களஞ்சியம்

முதல் நாளே சமைத்து வைத்து மறுநாள் காலையில் பெருங்கூட்டத்துக்குப் பரிமாறும் உணவைப் பற்றி யோசிக்கும்போது நாம் எல்லோரும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறோம். ஐம்பது பேர் சாப்பிட வருகிறார்கள். எனவே பெரிய பாத்திரம் வேண்டும். விடியற்காலையில் ஐம்பது பேருக்கும் அடுப்படியில் நின்று கொடுக்க முடியாது. எனவே முந்தின நாளே சமைத்துவிட வேண்டும். கூட்டம் காரணம், பாத்திரம் விளைவு. கல்யாண வீட்டுக்கும் விடுதிச் சமையலறைக்கும் இந்த வரிசை பொருந்தும். ஆனால் சில உணவுகளில், சில தட்பவெப்பங்களில், இது தலைகீழாக நிற்கிறது. அங்கே பாத்திரம் பெரிதாக இருந்தால்தான் சமையல் கட்டுப்படியாகும்; சமைத்தது குறிப்பிட்ட நாள்தான் தாங்கும்; அதற்குள் தின்று முடிக்கக் கூட்டம் வேண்டும். அதாவது, உணவைக் கெடாமல் காப்பதற்கு உப்பு, வெயில், புகை, புளிப்பு என்று மனிதன் கண்டுபிடித்த வழிகளோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும்: சேர்ந்து உண்ணும் ஆட்கள். இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான். அதற்கு வலுவான சான்று நிக்கோபார் தீவுகளின் தாழம்பழக் களியில் இருக்கிறது.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் தீவுக்கூட்டம் இது. வடக்கே கார் நிக்கோபார், நடுவில் சௌரா, தெரெசா, கமோர்ட்டா, நன்கௌரி முதலியவை, தெற்கே கிரேட் நிக்கோபார். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சீனத் துறவி இத்சிங் வழியில் கண்ட ஒரு தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். அது நிக்கோபார்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. தீவுக்காரர்கள் படகில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து இரும்பு கேட்டார்கள் என்றும், அவர்களுடைய உணவு தேங்காயும் கிழங்கும்தான், அரிசி அதிகமில்லை என்றும் அவர் குறித்து வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டுப்போய் இங்கே குடியேற முயன்றார்கள். 1778-ல் ஓர் ஆஸ்திரியக் கப்பலில் வந்த மருத்துவர் நிக்கோலஸ் ஃபொன்டானா, இங்கு மக்களுக்குச் சோறாக இருந்த பழத்தை விவரித்து எழுதினார். அந்தக் கட்டுரை கல்கத்தாவின் ஏசியாட்டிக் சொசைட்டி வெளியிட்ட தொகுதியில் இடம்பெற்றது. அந்த மரத்தின் அறிவியல் பெயர் பாண்டானஸ் லெராம்; பெயர் சூட்டியவர்களைச் சுட்டும் குறிப்பில் அவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. நம் கடற்கரையில் பூவுக்காக வளரும் தாழையின் உறவுதான் இது. ஆனால் இதன் பயன் பழத்தில். பலாவைப்போலக் கனத்துத் தொங்கும் பெரிய பழம், பல கட்டை கட்டையான சுளைகள் சேர்ந்தது. ஒவ்வொரு சுளையிலும் நுனிப்பக்கம் மரம்போல இறுகியிருக்கும். அடிப்பக்கத்துச் சதையில் மாவும் இனிப்பும் உண்டு. அந்தச் சதை முழுக்க நார்.

இதை உணவாக்கும் முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கோபாரில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த இ. எச். மேன் விரிவாகப் பதிவு செய்தார். பெரிய மண்பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் சுளைகள், மேலே இலைகளால் மூடாக்கு. அடியில் தீ எரிய, சுளைகள் பல மணி நேரம் ஆவியிலேயே வேகும். வெந்தபின் ஒவ்வொரு சுளையாக எடுத்துச் சிப்பியால் சதையைச் சுரண்டுவார்கள். சுரண்டிய களியில் மெல்லிய நார்கள் கலந்திருக்கும். களிக்குள் நூலை விட்டு இழுத்தால் நார்கள் நூலில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். களி மழமழப்பாகும் வரை இது நடக்கும். பிறகு அதைப் பெரிய கட்டியாகப் பிடித்து இலையில் பொதிந்து வைத்துவிட்டால், வேண்டியபோது வேண்டிய அளவு வெட்டி, தேங்காய், மீன், பன்றிக்கறி என்று எதனோடும் உண்ணலாம். காலையில் தோப்புக்கும் கடலுக்கும் கிளம்புகிறவர் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர்கள் இதை ரொட்டி என்று அழைத்ததில் நியாயமிருக்கிறது. ஒரு நாள் உழைத்துப் பல நாள் உண்ணும் கட்டி உணவு என்ற அளவில் இரண்டும் ஒன்றே. இங்கே அடுமனை கிடையாது. ஆவி நிறைந்த பானைதான் அடுமனை.

பல மணி நேரம் எதற்கு என்பதே முதல் கேள்வி. மாவுச்சத்து மட்டும் வேக வேண்டுமானால் இவ்வளவு நேரம் தேவையில்லை. பெரும்பாலான மாவுச்சத்துகள் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். தாமதம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, வெப்பம் உள்ளே போகும் வேகம். ஈரமான உணவுப் பொருள்களில் வெப்பம் மிக மெதுவாகவே ஊடுருவும். 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் நடுப்பகுதி வெளிப்பரப்பின் வெப்பநிலையை ஏறக்குறைய எட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பது இதன் விதி. இரண்டு, நார். செல்களைப் பிணைத்து வைக்கும் பெக்டின் நீண்ட வெப்பத்தில்தான் கரைந்து பிடியை விடும். அது விட்டால்தான் சிப்பியால் சுரண்டும்போது சதை கழன்று வரும். மூன்று, அரிப்பு. சேனையிலும் சேப்பங்கிழங்கிலும் நாக்கைக் குத்தும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தாழைக் குடும்பத்திலும் உண்டு. கொதிநீரின் வெப்பம் அந்தப் படிகத்தைக் கரைக்காது. ஆனால் ஊசிகளோடு ஒட்டியிருந்து எரிச்சலைக் கூட்டும் புரதங்களை வெப்பம் செயலிழக்கச் செய்கிறது என்று சேப்பங்கிழங்கில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இந்தப் பழத்தை அரை மணியில் இறக்கிவிட முடியாது. நேரம் இதன் கட்டாயச் செலவு.

நீண்ட நேரம் எரியும் அடுப்பு ஒரு கணக்கைக் கொண்டுவருகிறது. ஒரு பானைக்குத் தரும் வெப்பம் இரண்டு வழியில் செலவாகிறது. உள்ளே இருப்பதைச் சூடேற்றுவது ஒன்று. சூடேறிய பிறகு பானையின் சுவர் வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே போவதை ஈடு செய்துகொண்டே இருப்பது இன்னொன்று. முதல் செலவு உள்ளே இருக்கும் எடையைப் பொறுத்தது. இரண்டாவது செலவு பானையின் பரப்பையும் நேரத்தையும் பொறுத்தது. சோறு வடிக்கிற அரை மணிச் சமையலில் முதல் செலவின் பங்கே அதிகம். எனவே சின்னப் பானையில் ஆக்கினாலும் பெரிதாக நட்டமில்லை. பல மணி நேரச் சமையலில் இரண்டாவது செலவு மேலோங்கிவிடுகிறது. பானையின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கினால் வெளிப்பரப்பு நான்கு மடங்காகும், கொள்ளளவு எட்டு மடங்காகும். அதாவது ஒரு கிலோ பழத்துக்கு வீணாகும் வெப்பம் பாதியாகக் குறையும். ஆவியில் வேக வைப்பதும் இந்தச் சிக்கனத்தைச் சேர்ந்ததே. சுளைகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும், பழத்தின் இனிப்பும் அதில் கரைந்துபோகும். அடியில் கொஞ்சம் நீர் இருந்தால் போதும். ஆவி மேலே போய்க் குளிர்ந்த சுளையில் நீராக மாறும்போது, கிலோவுக்குச் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை அங்கே இறக்கிவிட்டு மறுபடி கீழே சொட்டும்.

உழைப்புக்கும் இதே கணக்குதான். பழம் பறித்துச் சுமந்து வருவது, சுளை பிரிப்பது, தீயைப் பார்த்துக்கொள்வது, சுரண்டுவது, நார் எடுப்பது என்ற வேலைகளில் சுளை பிரிப்பதும் சுரண்டுவதும் நார் எடுப்பதும் அளவோடு வளரும். மற்றவை அவ்வளவாக வளராது. இரண்டு கிலோவுக்காக ஒரு நாளைக் கழிப்பதும் இருபது கிலோவுக்காக ஒரு நாளைக் கழிப்பதும் ஒன்றல்ல. பானையோ எளிதில் கிடைப்பதில்லை. நிக்கோபாரின் மண்பானைகள் எல்லாம் சௌரா என்ற சின்னஞ்சிறு தீவில் செய்யப்பட்டவை. அங்குள்ள பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தார்கள். களிமண்ணைத் தெரெசா தீவிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள். பானை செய்யும் உரிமை சௌராவுக்கு மட்டுமே என்பது தீவுகள் எல்லாம் மதித்த கட்டுப்பாடு. கார் நிக்கோபார்காரர்கள் பானைக்காகத் திறந்த கடலில் துடுப்பு வலித்துப் போனார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெரிய பானை ஒரு தம்பதிக்கான பாத்திரமாக இருக்க முடியாது.

இனித் தாங்கும் காலத்துக்கு வருவோம். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு முதல் தேவை நீர். உலர்ந்த நெல்லையும் பருப்பையும் மாதக்கணக்கில் வைக்க முடிவது அவற்றில் நீர் குறைவு என்பதால்தான். தாழம்பழக் களி உலர்ந்த பொருள் அல்ல, ஈரமான கட்டி. அதைச் சில காலம் காப்பவை வேறு. நீண்ட நேரம் வெந்ததால் பெரும்பாலான நுண்ணுயிர்கள் இறந்திருக்கும். நார் நீங்கி இறுகப் பிடித்த கட்டிக்குள் காற்று குறைவு. பூஞ்சைக்குக் காற்று வேண்டும் என்பதால் அது மேற்பரப்போடு நிற்கும். பெரிய கட்டியாக இருப்பதால் எடைக்கு ஏற்ற மேற்பரப்பும் சிறிது. இலைப் பொதி அந்த மேற்பரப்பையும் ஈக்கும் தூசிக்கும் மறைக்கிறது. இத்தனையும் சேர்ந்து கட்டிக்கு நாட்களைத் தருகின்றன, ஆண்டுகளைத் தரவில்லை. இதில் ஒரு முரண் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முழுக் கட்டிதான் நன்றாகத் தாங்கும். வெட்டத் தொடங்கியதும் புதிய ஈரப்பரப்பு வெளியே வருகிறது, கைபடுகிறது. வெட்டிய கட்டி விரைவில் தீர வேண்டும்.

இப்போது எளிய சமன்பாடு ஒன்றை எழுதலாம். ஒருமுறை சமைக்கும் அளவு என்பது உண்ணும் ஆட்கள், தாங்கும் நாட்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவு ஆகிய மூன்றின் பெருக்கல். 20 கிலோ களி ஆக்குகிறோம், ஒருவருக்கு நாளுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 10 நாளுக்கு வரும். களி 5 நாள்தான் நல்ல நிலையில் இருக்குமென்றால் பாதி வீண். எட்டுப் பேர் இருந்தால் வீண் இல்லை. அளவை நிர்ணயிப்பது பானையும் விறகும் பழத்தின் இயல்பும். நாட்களை நிர்ணயிப்பது ஈரமும் வெப்பமும். ஒருவரின் வயிறு அதிகம் மாறாது. மாற்றக்கூடியதாக மிஞ்சுவது ஆட்களின் எண்ணிக்கை ஒன்றே. கார் நிக்கோபாரில் துஹேத் என்ற பெருங்குடும்பம் நிலத்தையும் தென்னையையும் பன்றிகளையும் பொதுவில் வைத்து ஒன்றாக வாழ்ந்தது. இந்தச் சமன்பாட்டின் கண்ணால் பார்த்தால், அந்தக் குடும்பமே கட்டிக்கான களஞ்சியம்.

சமன்பாடு சரியென்றால், தாங்கும் நாட்கள் கூடும் ஊரில் ஆட்களின் தேவை குறைய வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையூர்களில் விறகு அரிது. கல்லால் கட்டிய ரொட்டி அடுப்பைச் சூடேற்றவே நிறைய விறகு எரியும். எனவே சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியிலும் பிரெஞ்சு ஆல்ப்ஸிலும் ஊர்ப் பொது அடுப்பை ஆண்டில் ஓரிரு முறை மட்டும் மூட்டி, ரை தானிய ரொட்டிகளை மொத்தமாகச் சுட்டார்கள். நிக்கோபாரைப்போலவே இங்கேயும் தீ பெரிது, ஒருமுறை ஆக்கும் அளவு பெரிது. ஆனால் குளிர்ந்த உலர்ந்த மலைக்காற்றில் ரொட்டி காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும்; பின்னர் வெட்டித் தின்ன வலுவான கத்தி வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே அங்கே அடுப்பு பொது, ரொட்டியோ வீட்டுக்கு வீடு தனி. பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் இதே தாழைப் பேரினத்துப் பழத்தைச் சூடான கற்கள் நிறைந்த மண்குழியில் சுட்டு, சதையை எடுத்து, வெயிலில் பரப்பிக் காயவைத்து, இலையில் சுருட்டிக் கயிற்றால் இறுகக் கட்டினார்கள். அது நெடுநாள் தாங்கும், கடற்பயணத்துக்கும் கட்டிக்கொண்டு போகலாம். குளிரும் வெயிலும் நாட்களைக் கூட்டித் தந்த இடங்களில் காலம் சேமிப்பாயிற்று. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்து காற்றில் ஈரம் குறையாத நிக்கோபாரில் அந்த வசதி இல்லை. அங்கே ஆட்கள் சேமிப்பானார்கள்.

இதற்கு உடனே எழும் மறுப்பு: நெல் பயிரிட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே? நிக்கோபார் மொழிகள் ஆஸ்ட்ரோ-ஆசிய குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே குடும்பத்தின் காசி, மோன், கெமர் மக்கள் நெல் விவசாயிகள். அறியாமையால் விடுபட்டது என்று சொல்ல முடியாது. தீவுக்காரர்கள் பின்னாளில் தேங்காய் கொடுத்து அரிசி வாங்கவும் செய்தார்கள். ஆனால் தானியத்தின் முழுப் பெருமையும் அது உலர்வதில் இருக்கிறது. நெல்லைப் பத்திரமாகச் சேமிக்க ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் வெப்பமான ஊரில், காய்ந்த நெல்லும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குப் போய்விடும். பூஞ்சை பிடிக்க அது போதும். மாறாகத் தாழை மரம் பழத்தைத் தன்மேலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது. மரத்தில் இருக்கும் வரை பழம் உயிருள்ளது, தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வேண்டும்போது பறித்தால் போதும். ஆக இங்கே சேமிப்பு இரண்டு அடுக்கு: மாதங்களுக்கு மரம், நாட்களுக்குக் கட்டி. ஈரக்காற்றில் தானியம் கெடும் என்றால் களியும் கெடாதா என்ற அடுத்த கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கெடும். அதனால்தான் களியிடம் மாதங்கள் யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் தானியம் உண்டு, முந்தின நாளே ஆக்கி வைக்கும் காலை உணவும் உண்டு. அப்படியானால் தானியமின்மைக்கும் முன்கூட்டிச் சமைப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பழைய சோற்றையும் இட்லியையும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். பழைய சோறு என்பது இரவுச் சோற்றின் மிச்சம். தண்ணீர் ஊற்றியதும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் புளிப்பேற்றி, கெடுக்கும் கிருமிகளை ஒடுக்குகின்றன. ஒரு வயிற்றுக்கும் இதைச் செய்யலாம், குறைந்தபட்ச அளவு என்று எதுவும் கிடையாது. எனவே அது தனி ஆளின் உணவாகவும் வாழ்ந்தது. இட்லியில் அப்படியல்ல. அவிப்பது பத்து நிமிட வேலை, ஆட்டுவதுதான் பெருஞ்செலவு. ஆட்டுக்கல்லைக் கழுவி, உளுந்தும் அரிசியும் தனித்தனியாக ஆட்டி, மறுபடி கழுவி வைக்கும் உழைப்பை இரண்டு பேருக்காக யாரும் தினமும் செய்யவில்லை. மாவோ நம் வெப்பத்தில் ஓரிரு நாளில் புளித்துப்போகும். எனவே பல வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரிய பலகாரமாக இருந்தது. கூட்டம் கூடும் நாளே இட்லி நாள். 1955-ல் கோயம்புத்தூரில் மின்சார ஈர அரவை இயந்திரம் உருவாகி ஆட்டும் செலவு இறங்கியது. குளிர்பதனப் பெட்டி வந்து மாவின் நாட்கள் கூடின. அதன்பின் இருவர் வாழும் வீட்டிலும் இட்லி அன்றாடமானது. தானியம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, சமையலின் எந்தக் கட்டத்தில் குறைக்க முடியாத பெருஞ்செலவு உட்கார்ந்திருக்கிறது என்பதே கூட்டத்தின் தேவையைத் தீர்மானிக்கிறது.

இன்னும் கனமான ஒரு மறுப்பு உண்டு. துஹேத் களிக்காக ஏற்பட்டதா? நிலவுரிமை, பன்றி வளர்ப்பு, படகு, சடங்கு விருந்துகள் என்று பெருங்குடும்பத்துக்குக் காரணங்கள் பல. கிரேட் நிக்கோபாரின் காட்டில் வாழும் ஷோம்பென் மக்களுக்கும் தாழம்பழமே முக்கிய உணவு. அவர்கள் சிறு சிறு குழுக்களாகத்தான் இருக்கிறார்கள். பெருங்குடும்பத்தைக் களி உண்டாக்கியது என்று சொன்னால் அது மிகை. வாதம் அதைவிட எளிது. இத்தகைய உணவை நம்பியிருப்பவர்கள் ஒற்றை ஆளாகவோ ஒற்றைத் தம்பதியாகவோ தனித்து உண்ண முடியாது. ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போனால் கணக்கு உதைக்கும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய குடும்பம் என்பதை மற்றக் காரணங்கள் முடிவு செய்யும். ஷோம்பென் சான்று இதற்கு எதிராக நிற்கவில்லை. சிறிய குழு என்றாலும் அது ஒன்றாகத் தங்கும், ஒன்றாக இடம்பெயரும் குழு. அவர்கள் மண்பானையை நம்பியிராமல் மரப்பட்டையில் அமைத்த கலத்தில் பழத்தை ஆவியில் வேகவைத்தார்கள் என்ற பதிவும் உண்டு. சௌராவின் பானை இல்லாமலே இந்த முறை இயங்கியது என்றால், அதை நடத்துவது பழத்தின் இயல்பு, பாத்திரத்தின் வழக்கம் அல்ல.

உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் வேறு பக்கத்திலிருந்து கேட்பார்கள். கூட்டத்துக்காக மொத்தமாக ஆக்கி வைத்த உணவுதான் நஞ்சாவதில் பேர்போனது. அதைப்போய்ப் பாதுகாப்பு முறை என்பதா? அவர்களின் அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு. பேசில்லஸ் செரியஸ், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரியில் வெந்தாலும் பிழைக்கும். அண்டாவை அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆழம் இரட்டித்தால் வேகும் நேரம் நான்கு மடங்காவதைப்போல ஆறும் நேரமும் நான்கு மடங்காகும். அந்த வெதுவெதுப்பில் வித்துகள் முளைத்துப் பெருகிவிடும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அதன்பின் நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும் என்று இன்றைய உணவுக்கூட விதிகள் சொல்வது இதனால்தான். தாழம்பழத்தில் கட்டி பிடிப்பதற்கு முன்பே சுளை சுளையாகச் சுரண்டும் வேலை வந்துவிடுகிறது. பானையின் வெப்பம் பெரிய அண்டாவுக்குள் அடைபடாமல் சிறு சிறு பகுதியாக வெளியேறிவிடும். ஆறியபின் திரட்டுவதே கட்டி. கைபடும் அபாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அபாயத்தைக் குறைக்கும் ஒரே வழி சீக்கிரம் தின்று தீர்ப்பது. அதற்கும் ஆட்கள்தான் வேண்டும். மொத்தச் சமையலின் ஆபத்து ஆட்களால் வருவதில்லை. ஆட்கள் தின்று முடிக்காமல் மிச்சம் வைக்கும்போது வருகிறது.

இந்த வாதத்துக்கு வரலாறே ஒரு கடுமையான சோதனையை வைத்தது. 2004 டிசம்பர் 26-ல் வந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தன. நிலமே தாழ்ந்தது; கிரேட் நிக்கோபாரின் தென்முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. தென்னையும் தாழையும் நின்ற கரைகளில் உப்புநீர் ஏறியது. சௌரா மக்கள் தெரெசாவுக்கு மாற்றப்பட்டு, பின்னர்தான் ஊர் திரும்பினார்கள். மரம் என்ற முதல் அடுக்குச் சேமிப்பு ஒரே காலையில் போய், அந்த இடத்தில் நிவாரண அரிசி வந்தது. அரிசிக்கு அரை மணி அடுப்பும் சின்ன அலுமினியப் பாத்திரமும் போதும். அதே ஆண்டுகளில் இழப்பீடும் புதிய வீடுகளும் பெருங்குடும்பத்துக்கு என்று வராமல் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் வந்தன. துஹேத்தின் பிடி இதனால் தளர்ந்ததைத் தீவுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த சூழலியலாளர் சிம்ரோன் ஜித் சிங் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பணம்தான் குடும்பத்தைப் பிரித்தது, அரிசி அல்ல என்று வாதிடலாம். பணத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் களியை மட்டும் உண்ட குடும்பத்தைப் பணத்தால் அவ்வளவு எளிதில் பிரித்திருக்க முடியாது. பிரிந்துபோன வீட்டின் அடுப்பில் களி வேகாது, சோறு வேகும். சேர்ந்திருக்க வேண்டிய ஒரு கட்டாயத்தை அரிசி எடுத்துவிட்டது. வீட்டைப் பிரிக்கும் மற்றக் காரணங்களுக்கு அது வழிவிட்டது.

அந்தக் கட்டாயத்தோடு வேறொன்றும் போகிறது. பசிபிக் தீவுகளில் ஆரஞ்சு நிறச் சதையுள்ள தாழம்பழ வகைகளை ஆராய்ந்த லோயிஸ் இங்ல்பர்கர், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டினாய்டுகள் அவற்றில் நிறைய இருப்பதைக் காட்டினார். தீட்டிய வெள்ளை அரிசியில் அவை இல்லை. ஓர் உணவு சிறு குடும்பத்துக்குத் தோதில்லை என்பதாலேயே தட்டிலிருந்து இறங்கினால், அதன் சத்தும் சேர்ந்தே இறங்கும். குளிர்பதனப் பெட்டி இதைத் தீர்த்துவிடும் என்று சொல்லலாம். நாட்களைக் கூட்டினால் ஆட்களைக் குறைக்கலாம் என்று நம் சமன்பாடும் ஒப்புக்கொள்ளும். ஆனால் பெட்டியின் 4 டிகிரி குளிரில்தான் வெந்த மாவுச்சத்து மிக வேகமாக மறுபடி படிகமாகி விறைக்கிறது. மீண்டும் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மென்மை திரும்பும். அதற்கு மறுபடி அடுப்பு. மின்சாரத்துக்கோ டீசல் கப்பலில் வர வேண்டும். பெருங்குடும்பம் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் அதற்கு எண்ணெய் விலை உண்டு.

முன்னேற்றத் திட்டம் தீட்டுகிறவர்கள் பழைய உணவுகளை அளக்கும்போது சத்து, விளைச்சல், சமைக்கும் நேரம் என்ற மூன்று பத்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்காவது பத்தி ஒன்று வேண்டும்: இது கட்டுப்படியாகக் குறைந்தது எத்தனை பேர் சேர்ந்து உண்ண வேண்டும்? அந்த எண்ணைக் கேட்காமல் தாழங்கன்றுகளை மட்டும் நட்டால், மரம் வளரும், பழம் பழுக்கும், தனித்தனிச் சமையலறைகளில் அதை வேகவைக்க ஆள் இருக்காது. நான்கைந்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய பானையும் ஒரு சமையல் கொட்டகையும் இருந்தால் அதே மரம் மறுபடி சோறாகும். நகரத்தில் ஐம்பது பேருக்கு முந்தின இரவே ஆக்கி வைக்கிறவருக்கும் கணக்கு மாறாது. ஆழமான ஒரே தட்டைவிட அகலமான பல தட்டுகள் சீக்கிரம் வேகும், சீக்கிரம் ஆறும். எவ்வளவு ஆக்கலாம் என்பதை அடுப்பின் கொள்ளளவைப் பார்த்து முடிவு செய்யாமல், மறுநாள் உட்காரப்போகும் தலைகளை எண்ணி முடிவு செய்ய வேண்டும். உணவின் ஆயுளை நீட்ட ஆயிரம் வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஆயுளை நீட்டாமலே வீணாவதைத் தடுக்கும் வழி ஒன்றுதான், அது பந்தியை நீட்டுவது.